எப்படிக் கிடைத்தது?

பறவையின் காலில் போட்ட வளையம் கிடைத்தால் நிரப்பி அனுப்பும் தாளில் அப்படி ஒரு கேள்வி உண்டு. சுட்டதா, கண்ணியில் சிக்கியதா, செத்துக் கிடந்ததா, தெரியவில்லையா? நான் ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். எனக்கு நன்றாகவே தெரியும்.

வளையத்தைக் கொண்டு வந்தவர் எழுபது வயதைத் தாண்டியவர். முறுக்கான் பொதியை அவிழ்த்து, பாக்குக்கு நடுவிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். நீலச்சிறகி என்ற வலசை வாத்தின் காலுக்குப் போடும் அலுமினிய வளையம். ஓரம் தேய்ந்திருந்தது. கடைசி எண்ணை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் ஆங்கில எழுத்துகள் மட்டும் தெளிவாக இருந்தன. வளையமிடும் முகாமில் நாங்கள் இடுக்கியால் மூடும்போது இரு முனையும் ஒட்டி நிற்கும், வளையம் காலில் தாராளமாகச் சுழலும். இதைக் கத்தி முனையால் நெம்பித் திறந்திருந்தார்கள்.

“பாட்டா, இது எப்படிக் கெடச்சுது?”

“உள்ளத சொல்லுகேன் மக்கா. கண்ணியில விழுந்துது. கறியும் வச்சாச்சு. இத மட்டும் தூரப் போட மனசு வரல்ல.” கொஞ்சம் நிறுத்தி, “கேசு கீசு வருமா?” என்றார். 

“வராது” என்றேன்.

இந்த ஒரு சொல்லைத்தான் இன்னும் திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டிருக்கிறேன். யாரைக் கேட்டு அப்படிச் சொன்னேன்? நான் வனத்துறை ஆள் இல்லை, வளையமிடும் குழுவில் உதவியாளன். 1972 வனவிலங்குச் சட்டப்படி காட்டு வாத்தைப் பிடிப்பது குற்றம். எண்ணும் இடமும் தேதியும் கிடைத்த விதமும் கழகம் கேட்பது பறவைகளைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான், யாரையும் பிடித்துக்கொடுக்க அல்ல. ஆனாலும் பெயர், குளம், கண்ணி மூன்றும் ஒரே தாளில் ஏறிவிட்டால் அது யார் மேசைக்குப் போகும் என்று நான் எப்படி உறுதி சொல்வேன்? சொன்ன சொல் பொய்யாகக் கூடாது என்றுதான் ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். நம்பி வந்தவருக்கு அதையாவது செய்யாமல் எப்படி?

சரி, அது மனிதருக்குச் செய்தது. பறவைக்கு?

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஈடர், ஸ்கோட்டர் போன்ற கடல்வாத்துகளை உரிமம் வாங்கிச் சுடுகிறார்கள். சுட்ட பறவையின் காலில் வளையம் இருந்தால் எண்ணை மேரிலாந்தில் உள்ள பறவை வளைய ஆய்வகத்துக்குத் தெரிவிப்பார்கள். எங்கே, எப்போது வளையமிட்ட பறவை என்று சான்றிதழ் வரும். அந்த வளையத்தைக் கயிற்றில் கோத்துப் பெருமையாகக் கழுத்தில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. எத்தனை பேர் தெரிவிக்காமல் விடுகிறார்கள் என்று கணக்கிட, 100 டாலர் பரிசு என்று பொறித்த வளையங்களை வாத்துகளுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ‘சுட்டேன்’ என்று ஒருவர் பயமில்லாமல் எழுதுவதால்தான் எவ்வளவு சுடலாம் என்ற வரம்பு அங்கே தெரிகிறது. ஈடர் இருபது வருடம்கூட வாழும், ஆனால் குஞ்சுகளில் பெரும்பாலானவை பிழைக்காது. வளர்ந்த பெட்டைகள் கொஞ்சம் அதிகமாகச் செத்தாலே கூட்டம் சரிந்துவிடும். வேட்டைக்காரர்களின் பதில் இல்லாவிட்டால் அந்தச் சரிவைத் தாமதமாகத்தான் கண்டுபிடிப்பார்கள்.

இங்கும் அப்படி வேட்டையை அனுமதிக்கலாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர்க் குளத்தில் மார்கழிக் காலையில் ஊசிவால் வாத்துகள் எழும்பிப் பறப்பதைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் நம் வாத்துகள் எங்கே போகின்றன என்பதே வேட்டைக்காரர்கள் வழியாகத்தான் தெரியவந்தது. ராஜஸ்தானின் பரத்பூரில் வளையமிட்ட வாத்துகளைப் பற்றிய தகவல், சோவியத் நாட்டில் அவற்றைச் சுட்டவர்களிடமிருந்து வந்தது. வளையமிட வலை விரிக்கக் கழகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் பீகாரின் மீர்ஷிகார்கள், பரம்பரையாகப் பறவை பிடித்து விற்றவர்கள். என் கையில் இருக்கும் வித்தையும் அங்கிருந்து வந்ததுதான்.

சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்களுக்கு 2022இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில ஒப்பந்தத்தின் அங்கீகாரம் கிடைத்தது. இங்கே கண்ணி எவ்வளவு இருக்கிறது என்று நாளை ஒருவர் தேடினால், என் தாளில் ஒன்றும் இருக்காது. என்னைப் போல இரக்கப்பட்டு எழுதியவர்கள் இன்னும் எத்தனை பேரோ. கண்ணி என்று எழுதி, குளத்தின் பெயரையும் ஆளையும் விட்டிருக்கலாம் என்றார் முகாமில் மூத்தவர் ஒருவர். சொல்வது எளிது. சின்ன ஊரில் வளையம் கொண்டு வந்தவர் யார் என்று கண்டுபிடிக்கப் பெயர் வேண்டியதில்லை.

பதில் வந்ததும் அவரிடம் போய்ச் சொன்னேன்: கோடியக்கரையில் வளையமிட்ட பறவை.

“இங்ஙன பக்கத்துலயா?” அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வளையம் போட்டபின் வருடா வருடம் வடக்கே சைபீரியா பக்கம் போய்த் திரும்பியிருக்கும் என்று விளக்கினேன். அரைக் கிலோகூடத் தேறாத பறவை. அவர் கையை விரித்து, தூக்கிப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் அசைத்தார். அப்புறம், “இனி கெடச்சா கொண்டு வரட்டா?” என்றார்.

“கண்ணி வைக்காதீங்க பாட்டா” என்றேன். அதே மூச்சில், “கெடச்சா கொண்டு வாங்க” என்றும் சொன்னேன்.

அதன்பின் அவர் வளையம் எதுவும் கொண்டு வரவில்லை. கண்ணி வைப்பதை விட்டுவிட்டாரா, என்னிடம் சொல்வதை விட்டுவிட்டாரா என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.