அப்பாவின் நெகட்டிவ்களைக் கேமராவால் நகலெடுத்தபோது

என் தந்தை 1970களிலும் 80களிலும் எடுத்துச் சேர்த்து வைத்திருந்த நெகட்டிவ்களையும் ஸ்லைடுகளையும், அடியிலிருந்து வெளிச்சம் பாய்ச்சி, வீட்டிலிருந்த டிஜிட்டல் கேமராவைக் கொண்டே படமெடுத்துக் கோப்புகளாக மாற்றி முடித்திருக்கிறேன். பழைய ஃபிலிம் சுருள்களை அலமாரியில் வைத்துக்கொண்டு, ஸ்கேனர் வாங்கலாமா, கடையில் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருந்தவை மூன்று வகை. அக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்த 120 என்ற அகலச் சுருள் அளவுக் கறுப்பு வெள்ளைச் சதுர நெகட்டிவ்கள் முதல் வகை. அவற்றுள் சில, உதகமண்டலத்தில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ ஃபிலிம்கள். அடுத்தவை 35 மி.மீ. கலர் நெகட்டிவ்கள். மூன்றாவது, அட்டைச் சட்டத்தில் பொருத்திய ஸ்லைடுகள்.

ஃபிலிமைச் சுத்தம் செய்வதற்கே பெரும் பொழுது போயிற்று. விலை கூடிய ஃபிலிம் ஸ்கேனர்கள் அகச்சிவப்புக் கதிரால் தூசியை அடையாளம் கண்டு நீக்கிவிடும். வெள்ளித்துகளால் ஆன கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் அந்த உத்தி செல்லாது, கேமராவிலோ அந்த வசதியே கிடையாது. ஆகவே ஒவ்வொரு துண்டையும் பருத்திக் கையுறையோடு ஓரத்தில் பிடித்து, காற்றுப் பம்பால் ஊதி, மென்மையான பிரஷ்ஷால் தடவிய பிறகே வெளிச்சத்தின் மேல் வைத்தேன். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்காத பழைய ஃபிலிம் அரிது. பூஞ்சணம் படிந்த ஃபிலிமைத் தயவுசெய்து தண்ணீரில் கழுவாதீர்கள். பூஞ்சணம், படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலத்தை அரித்து நீரில் கரையும்படி செய்திருக்கும் என்பதால், படமே வழிந்து போய்விடலாம். காடி (வினிகர்) வாடை வீசும் சுருள்களை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, அவற்றை முதலில் நகலெடுத்தேன். அந்த வாடை, அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டதன் அறிகுறி. சிதைவிலிருந்து எழும் அமில ஆவி பக்கத்திலுள்ள சுருள்களையும் கெடுக்கும்.

கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்து நிறுத்த, மூடப்பட்ட ஒரு ஸ்டூடியோவிலிருந்து விலைக்கு வாங்கிய என்லார்ஜரின் (நெகட்டிவ்வைப் பெரிதாக்கி அச்சிடும் கருவி) தூண் மிகவும் உதவிற்று. கேமரா ஃபிலிமுக்கு முற்றிலும் இணையாக நிற்காவிட்டால் படத்தின் ஒரு மூலை மங்கிவிடும். அதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு: ஃபிலிம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, திரையில் தெரியும் லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் வரும்வரை கேமராவைத் திருத்த வேண்டும். மட்டம் பார்க்கும் கருவியைவிட இதையே நம்புகிறேன். சுருண்ட ஃபிலிமைக் கண்ணாடித் தகட்டால் அழுத்தினால் வானவில் வளையங்கள் விழுவதால், ஓரங்களை மட்டும் பிடிக்கும் ஹோல்டரையே பயன்படுத்தினேன்.

வெளிச்சத்துக்கு, சி.ஆர்.ஐ. (ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு) 95-க்கு மேற்பட்ட எல்.இ.டி. பேனல் ஒன்றை வாங்கினேன். செல்போன் திரையை விளக்காக வைத்தால் அதன் பிக்சல் கட்டங்கள் படத்தில் பதியக்கூடும். பேனலுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, ஃபிலிமைச் சுற்றிக் கசியும் ஒளியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, அறை விளக்கையும் அணைத்துவிட்டால், படத்தின் ஒளி-நிழல் மாறுபாடு கண்கூடாகக் கூடுகிறது.

மிக அருகில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ், ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸ் துவார அளவு எஃப் 8, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு, டைமர் ஆகியவை எல்லாப் படங்களுக்கும் பொது. ஃபிலிம் தன் அசல் அளவிலேயே கேமராவின் சென்சாரில் விழும் 1:1 நெருக்கத்தில் எஃப் 8 என்பது நடைமுறையில் எஃப் 16 போலச் செயல்படும். அதற்கும் மேல் துவாரத்தைச் சுருக்கினால் கூர்மை குறைகிறது. 24 மெகாபிக்சல் கேமராவில் 36 மி.மீ. அகலம் 6,000 பிக்சலாக விழும், அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 4,200 பிக்சல். வீட்டுப் படங்களுக்கு இது தாராளம். 120 அளவு நெகட்டிவ்களை மட்டும் இரண்டு பாதிகளாக எடுத்து மென்பொருளில் இணைத்தேன்.

கலர் நெகட்டிவ்வைத் தலைகீழாக்கினால் (ஒளியை இருளாகவும் இருளை ஒளியாகவும் மாற்றினால்) மட்டும் நிறம் வந்துவிடாது. ஃபிலிமின் ஆரஞ்சு அடிநிறத்தையும் கழித்தாக வேண்டும். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே உள்ள நெகாடாக்டர் பகுதியில், படமில்லாத ஓரத்தைத் தொட்டுக் காட்டினால் அடிநிறம் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரே சுருளின் படங்களுக்கு அந்த அளவுகளையே நகலெடுத்துப் போட்டதால், ஒரு திருமணத்தின் படங்கள் எல்லாம் ஒரே நிறச்சாயலில் அமைந்தன. ஸ்லைடுகள் நேரடிப் படங்கள்; அவற்றில் தலைகீழாக்கும் வேலை இல்லை. ஆனால் நிழற்பகுதி மிக அடர்த்தியாக இருப்பதால் வெவ்வேறு வெளிச்ச அளவில் இரண்டு முறை எடுக்க வேண்டியிருந்தது, சிலவற்றில் சாயம் மங்கிச் செம்மை ஏறியிருந்ததையும் திருத்த வேண்டியிருந்தது.

இத்தனை சிரமமும் தகும் என்று எனக்குக் காட்டியது ஒரு சதுர நெகட்டிவ். என் தாத்தா வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம் அது. ஆல்பத்தில் உள்ள அச்சில் அவருடைய வேட்டி வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் இருக்கிறது. நெகட்டிவ்வில் அந்த இடம் அடர்த்தியாக இருந்ததால், சற்றுக் கூடுதல் வெளிச்சம் கொடுத்து எடுத்தபோது வேட்டியின் மடிப்புகளும் மெல்லிய கரையும் துலங்கி வந்தன. அச்சிட்டபோது சதுரத்தின் ஒரு பக்கத்தையும் வெட்டியிருக்கிறார்கள்; அந்தப் பக்கத்தில், தூணைப் பிடித்தபடி என் அத்தை சிறுமியாக நிற்கிறார். அவருடைய அந்த வயதுப் படம் வேறெதுவும் எங்கள் வீட்டில் இல்லை.

ஆல்பம் பத்திரமாக இருக்கிறதே என்று நெகட்டிவ்களைக் கழித்துப் போட நினைப்பவர்கள், ஒரு சுருளையாவது வெளிச்சத்தில் பிடித்து அச்சோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.