ஒரு சொட்டில் போகும் மதிப்பெண்

டைட்ரேஷன், அதாவது அமிலத்தில் காரத்தை அளந்து விட்டு அதன் செறிவைக் கண்டுபிடிக்கும் ஆய்வகச் சோதனை. அந்த நாளில் மாணவர் யாரிடமும் விடை கேட்க வேண்டியதில்லை, கூம்புக் குடுவையைப் பார்த்தாலே போதும். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கும் வெளிர் இளஞ்சிவப்பு என்றால் ஆள் தேறிவிட்டார். பளீரென்ற ரோஜா நிறத்தோடு குடுவையைப் பெருமையாகத் தூக்கிக் காட்டுகிறவர் காரத்தை அதிகம் விட்டுவிட்டார், மறுபடி பிப்பெட்டை (அமிலத்தை அளந்து எடுக்கும் குழாயை) எடுக்க வேண்டியதுதான்.

குடுவையில் 20 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலம், அடியில் திருகு உள்ள அளவுக் குழாயான பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம், இரண்டின் செறிவும் 0.1 மோலார் என்று வையுங்கள். தொடக்கத்தில் பி.எச். (7க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் அளவு) 1. காரம் 19 மி.லி. இறங்கிய பிறகும் 2.6தான். நிறம் மாறவே மாறாது, பார்ப்பவருக்குக் கொட்டாவி வரும். 19.95இல் 3.9. அடுத்த சொட்டு, அதாவது 0.05 மி.லி., விழுந்தால் 7. இன்னொன்று விழுந்தால் 10.1! கொட்டாவி விட்ட நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். குடுவையில் விட்டிருக்கும் நிறங்காட்டியான பினாப்தலீன் இளஞ்சிவப்பு நிறம் காட்டத் தொடங்குவதே 8.2க்கு மேல்தான். அதனால் 18 தாண்டியதும் திருகைக் கிட்டத்தட்ட மூடி, சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையைச் சுழற்ற வேண்டும்.

நிறம் வந்தது, அரை நிமிடம் நின்றது, பிறகு மெல்ல மறைந்தது. உடனே பதறி இன்னும் நாலு சொட்டு விடுவார்கள். தேவையே இல்லை. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து அந்தத் துளிக் காரத்தை நடுநிலையாக்கியிருக்கிறது, அவ்வளவுதான். முப்பது விநாடி நின்றால் அதுவே முடிவு நிலை.

நல்ல பிள்ளைகள் செய்யும் தவறுதான் வேடிக்கை. பிப்பெட்டை அமிலத்தால் கழுவச் சொன்னார்களே என்று குடுவையையும் அமிலத்தால் கழுவிவிடுவார்கள். உள்ளே 1 மி.லி. தங்கினால் அளவீடும் 1 மி.லி. ஏறும். குடுவைக்கு வாலை வடிநீர் போதும், ஈரமாக இருந்தாலும் கணக்கு மாறாது. பியூரெட்டின் நுனியில் காற்றுக் குமிழி இருந்து நடுவில் வெளியேறினாலும் அளவீடு கூடும். மேலே மறந்துவிட்ட புனல் சொட்டினால் குறையும். பிப்பெட்டின் கடைசித் துளியை ஊதித் தள்ளுகிற வீரர்களும் உண்டு. அந்தத் துளியைக் கணக்கில் சேர்க்காமல்தான் பிப்பெட்டில் கோடே போட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் எதற்கு என்று பக்கத்து மேசையைப் பார்த்து 20.0, 20.0 என்று எழுதிவிடுவோரும் உண்டு. மேசைக்கு மேசை அமிலத்தின் செறிவை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்பது திருத்திய தாள் வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியவரும்.