மென்னோனைட் நிவாரணப் பொருட்கள்: எது திரும்பி வருகிறது, ஏன் வருகிறது

இந்த முறை நிவாரணத்துக்கென்று சேகரிப்பு மையத்துக்குக் கொண்டுபோன அத்தனையையும் வாங்கிக்கொண்டார்கள். ஸ்கூல் கிட் (துணிப்பையில் பள்ளிப் பொருட்கள்), ரிலீஃப் வாளி (சோப்பு, துண்டு மாதிரிச் சாமான்கள் போட்ட வாளி), கம்ஃபர்ட்டர் (தைத்த கனமான போர்வை) எதையும் திருப்பவில்லை. அப்பாடா என்றிருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம் மென்னோனைட் சபைகளோடு (போரை ஏற்காத ஒரு கிறிஸ்தவப் பிரிவு) சேர்ந்து இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு, அவர்களுடைய நிவாரண அமைப்பான மென்னோனைட் சென்ட்ரல் கமிட்டியின் (எம்.சி.சி.) பொருள் பட்டியல் பழக்கமானதுதான். அதனால் பட்டியலை இங்கே முழுதாக ஒப்பிக்கவில்லை. எங்கே சறுக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் எச்சரிக்கை: பட்டியலில் இல்லாத எதையும் பைக்குள் போடாதீர்கள். திரும்பி வருவதில் பெரும்பகுதி இதனால்தான். பாவம், பிள்ளைகளுக்குத்தானே என்று ஒரு பொம்மை, கொஞ்சம் மிட்டாய், கைப்பட எழுதிய ஒரு கடிதம் என்று சேர்த்துவிடுகிறார்கள். அகதி முகாமில் நூறு பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது ஒரு பையில் பொம்மை இருந்து அடுத்த பையில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கப்பலில் போகும் பெட்டிக்குச் சுங்கத்தில் காட்டும் காகிதமும் எல்லாப் பைகளிலும் ஒரே பொருள்தான் இருக்கிறது என்று சொல்கிறது. அதற்கு மாறாக ஒரு பொருள் உள்ளே இருந்தால் சரக்கே துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

ஸ்கூல் கிட்டில் வம்பு செய்வது ஸ்கேல். ஒரு சேகரிப்பு மையத்தில் மேசையில் இருந்தவர் பையைத் திறந்து பார்த்து, "இது ஆகாது" என்று ஒதுக்கி வைத்தார். என்ன ஆகாது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. பட்டியலைப் பாருங்கள் என்றார், அவ்வளவுதான். பெட்டி பெட்டியாகத் திரும்ப வண்டியில் ஏற்ற வேண்டியதாயிற்று. பிறகு வேறொருவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்: ஸ்கேலில் 12 இஞ்ச் மட்டும் இருக்கிறது, 30 சென்டிமீட்டர் இல்லை. பை போய்ச் சேரும் நாடுகளில் பள்ளிக்கூடக் கணக்கெல்லாம் சென்டிமீட்டரில்தான். நியாயமான காரணம். முதலிலேயே ஒரு வாய் வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது. மலிவுக் கடைகளில் கிடைக்கும் மர ஸ்கேல்களில் பெரும்பாலும் இஞ்ச் மட்டும்தான் இருக்கிறது. வளையும் பிளாஸ்டிக் ஸ்கேலாக, இரண்டு பக்கமும் பார்த்து வாங்குங்கள். பென்சில் சீவாததாக இருக்கட்டும். 70 தாள் ஸ்பைரல் நோட்டை ஜூலை, ஆகஸ்டில் பள்ளி திறக்கும் நேரத்துத் தள்ளுபடியில் வாங்கி வைத்துவிடுங்கள். அந்த சீசன் போய்விட்டால் விலை பல மடங்கு.

பை 11-க்கு 16 இஞ்ச், இரண்டு பக்கமும் கயிறு இழுக்கும் சுருக்குப்பை. 12-க்கு 37 இஞ்ச் துணியை இரண்டாக மடித்து, பக்கத் தையலுக்கு அரை அரை இஞ்ச், வாய் மடிப்புக்கு இரண்டரை இஞ்ச் விட்டால் அளவு சரியாக வரும். தப்பு எங்கே வருகிறது என்றால், பக்கத் தையலை வாய் வரைக்கும் அடித்துவிடுகிறார்கள். மேல் விளிம்பிலிருந்து நாலரை இஞ்ச் தைக்காமல் விட்டால்தான் மடித்த பிறகு கயிறு வெளியே வர வழி இருக்கும். இல்லாவிட்டால் அத்தனையையும் பிரித்துத் தைக்க வேண்டும். கயிறு ஒவ்வொன்றும் 36 இஞ்ச் இருக்கட்டும். பையின் சுற்றளவே 22 இஞ்ச், மீதி முடிச்சுக்கும் தோளில் மாட்டவும் வேண்டும்.

ரிலீஃப் வாளிக்கு 5 கேலன் பிளாஸ்டிக் வாளி. உணவுப் பொருள் இருந்த பழைய வாளி பரவாயில்லை. பெயிண்ட் வாளியை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கொண்டுபோகாதீர்கள், அந்த வீட்டில் அதில்தான் தண்ணீர் பிடிப்பார்கள். மூடி மூடாமல் போவதற்குக் காரணம் துண்டு. பஞ்சு மாதிரி மொத்தமான துண்டு நான்கு வைத்தால் பாதி வாளி அதற்கே போய்விடும். நடுத்தர கனம், அடர்ந்த நிறம் போதும். இரண்டை அடியில் தட்டையாகப் போட்டு, சோப்பையும் சீப்பையும் பிரஷ்ஷையும் நடுவில் அடுக்கி, மற்ற இரண்டால் மேலே அமுக்கினால் மூடி 'டக்'கென்று உட்காரும். ஷாம்புவை ஜிப் கவரில் போட்டே வைக்க வேண்டும். ஒன்று கசிந்தால் துண்டு, பேண்டேஜ், சானிட்டரி நாப்கின் எல்லாம் வீண்.

கம்ஃபர்ட்டருக்கு வருவோம். இதில்தான் உழைப்பும் அதிகம், ஏமாற்றமும் அதிகம். அளவு 60-க்கு 80 இஞ்ச். ஐந்தரை இஞ்ச் சதுரங்களாக வெட்டி, கால் இஞ்ச் தையலில் 12-க்கு 16 என்று சேர்த்தால் 192 துண்டு, அளவு கச்சிதம். ஆனால் பலர் கூடித் தைக்கும்போது ஒருவர் தையல் கால் இஞ்ச், இன்னொருவர் தையல் அதைவிட அரைக்கால் இஞ்ச் கூடுதல். தையல் எல்லாமே அந்த அரைக்கால் இஞ்ச் உள்ளே போனால் அகலத்தில் கிட்டத்தட்ட 3 இஞ்ச், நீளத்தில் கிட்டத்தட்ட 4 இஞ்ச் காணாமல் போயிருக்கும். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு டேப்பை ஒட்டி அளவை நிலைப்படுத்திவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

பின்துணி 64-க்கு 84 வேண்டும், அதைத்தான் முன்பக்கம் மடித்து விளிம்பு கட்டுகிறோம். 44 இஞ்ச் அகலத் துணியை நீளவாக்கில் இணைத்தால் ஐந்து கஜம் வரை இழுக்கும். குறுக்குவாக்கில் இரண்டு துண்டு போட்டால் மூன்றே முக்கால் கஜத்தில் முடியும். பத்துப் பதினைந்து போர்வை செய்யும்போது இது பெரிய காசு.

பிறகு முடிச்சு. மேல்துணி, நடுவில் பேட்டிங் (பஞ்சு மாதிரி நிரப்பும் விரிப்பு), பின்துணி மூன்றையும் சேர்த்து நாலைந்து இஞ்ச்சுக்கு ஒன்று போட வேண்டும். சதுரங்கள் சேரும் மூலைகளில் போட்டாலே 165 முடிச்சு வந்துவிடும். இடைவெளி கூடினால் ஒரே சலவையில் பேட்டிங் உருண்டு மூலைக்கு ஓடிவிடும். நூல் வலுவான குரோஷே நூலாக இருக்கட்டும். வலதை இடதின் மேல், பிறகு இடதை வலதின் மேல். இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டால் துவைக்கும்போது நழுவிவிடும். ஊசி பின்துணியைத் தொடாமல் மேலேயே வந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. போர்வையை இழுத்துக் கட்டிய சட்டத்திலிருந்து கழற்றுவதற்கு முன்னால் ஒருவர் கீழே குனிந்து ஒவ்வொரு முடிச்சையும் பார்க்க வேண்டும். முதுகு வலிக்கும், ஆனாலும் விடாதீர்கள்.

துணித் தேர்வில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தானமாக வரும் மூட்டையில் ராணுவச் சட்டை மாதிரிப் பச்சையும் பழுப்பும் கலந்த துணி கட்டாயம் இருக்கும், இது வேட்டைக்காரர்கள் நிறைந்த ஊர். கொடி அச்சிட்டதும் வரும். நல்ல கெட்டித் துணியாயிற்றே என்று ஆசைப்படாதீர்கள். போர் நடக்கிற இடத்தில் அப்படியொரு போர்வை வைத்திருப்பவரை ஏதோ ஒரு தரப்பின் ஆள் என்று நினைத்துவிடலாம். அதைவிட, இந்த வேலையின் அடிப்படைக்கே அது ஒவ்வாது. ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று 16-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிற சபை இது. இரண்டாம் உலகப் போரில் 1941 முதல் 1947 வரை அமெரிக்காவில் சுமார் 12,000 பேர் ராணுவத்துக்குப் பதிலாக சிவிலியன் பப்ளிக் சர்வீஸ் முகாம்களில் வேலை செய்தார்கள், காடுகளிலும் மனநல மருத்துவமனைகளிலும், சம்பளமில்லாமல். மூன்றில் ஒருவருக்கும் மேல் மென்னோனைட்டுகள். சத்துரு பசியாயிருந்தாலும் அவனுக்குச் சாப்பாடு கொடு என்ற வேத வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள் தைக்கிற போர்வையில் போர்ச் சின்னம் எப்படி இருக்க முடியும்? எம்.சி.சி. 1920-ல் பிறந்ததே இன்றைய உக்ரைன் பகுதியில் பஞ்சத்தில் தவித்தவர்களுக்காகத்தான். 2022-க்குப் பிறகு இந்தப் போர்வைகளும் வாளிகளும் திரும்பவும் உக்ரைனுக்கே போகின்றன.

கொண்டுபோய்க் கொடுப்பது சுலபம். எஃப்ராட்டாவில் இருக்கிற எம்.சி.சி. கிடங்கு மாதிரி பெரிய இடத்துக்குப் போகிறவர்களுக்குப் பிரச்சினையில்லை. சின்னச் சேகரிப்பு மையங்கள் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை, போன் செய்துவிட்டே கிளம்புங்கள். பட்டியல் அவ்வப்போது மாறுகிறது. சபை அறிவிப்புப் பலகையில் மஞ்சளாகிப் போன பழைய தாளை நம்பாமல், வாங்கக் கிளம்புகிற வாரத்தில் எம்.சி.சி. தளத்திலிருந்து புதிதாக அச்செடுத்து எடுத்துப் போங்கள். ஹைஜீன் கிட் (உடல் சுத்தத்துக்கான பொருட்கள்) செய்கிறவர்கள் அதில் டூத்பேஸ்ட் போடாதீர்கள். காலாவதித் தேதி பார்த்து, அனுப்புவதற்கு முன்னால் அவர்களே சேர்த்துக்கொள்கிறார்கள். பெட்டியின் வெளியே எந்த கிட், எத்தனை என்று பெரிதாக எழுதி ஒட்டினால் அங்கே எண்ணுகிற தன்னார்வலர்களுக்கு வேலை பாதியாகக் குறையும்.