64 பேருக்கு ஒரு கோர்ட்

அமெரிக்காவோட டெக்ஸாஸ் மாநிலத்துல லவிங் கவுண்ட்டின்னு ஒண்ணு இருக்கு (கவுண்ட்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), 2020 சென்சஸ்ல அங்க மொத்தமே 64 பேர்தான், ஆனா பரப்பளவு சுமார் 1,750 சதுர கிலோமீட்டர். இவ்ளோ பேருக்கும் ஒரு ஷெரிஃப் (கவுண்ட்டியோட போலீஸ் தலைவர்), கவுண்ட்டி ஜட்ஜ், 4 கமிஷனர்னு முழு நிர்வாகமும் உண்டு. அந்த ஜட்ஜும் கமிஷனர்களும் சேந்த சபைக்கு கமிஷனர்ஸ் கோர்ட்னு பேரு இருக்கறதால கேஸ் நடக்கற இடம்னுதான் நான் ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன், ஆனா பட்ஜெட், வரி, ரோடு எல்லாம் முடிவு பண்றதே அந்த சபைதான், அதுக்கு தலைமை தாங்கற ஜட்ஜ் வக்கீலுக்கு படிச்சிருக்கணும்னு கூட கட்டாயம் இல்ல.

வரலாறு இன்னும் சுவாரசியம். 1893ல கவுண்ட்டிய ஆரம்பிச்சாங்க, தேர்தல்ல ஏகப்பட்ட மோசடின்னு புகார் வந்து 1897ல சட்டசபையே அத கலைச்சு பக்கத்து ரீவ்ஸ் கவுண்ட்டியோட சேத்துடுச்சு, அப்புறம் 1920கள்ல எண்ணெய் கிடைச்சு ஆளுங்க வந்து குடியேறினதுக்கு அப்புறம் 1931ல மறுபடி தனி கவுண்ட்டி ஆச்சு. டெக்ஸாஸ்ல ரெண்டு தடவ அமைக்கப்பட்ட ஒரே கவுண்ட்டி இதுதான். தலைநகர் மென்டோன், 1935ல கட்டின கோர்ட் ஹவுஸ் அங்க இருக்கு.

எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் எட்னா ரீட் கிளேட்டன் டீவீஸ். டெக்ஸாஸ்ல ஓட்டுல ஜெயிச்சு ஷெரிஃப் ஆன முதல் பெண் அவங்கதான், 1940கள்லயே, அதுவும் இந்த குட்டி கவுண்ட்டியில!