பெற்றோல் கெப்புக்கு டீசல் எஞ்சின்: திருகோணமலைக் குறிப்புகள்

2025 ஜூன் 2, திங்கள்

முடிவு எடுத்தாச்சு. டொயோட்டா ஹைலக்ஸ் கெப்பை விற்கப் போவதில்லை, எஞ்சினை மாற்றப் போகிறேன்.

80களின் கடைசியில் வந்த சிங்கிள் கெப். 1812 சிசி 2வை (2Y) பெற்றோல் எஞ்சின், காபரேற்றர். குச்சவெளிப் பக்கம் மீன் பெட்டியும் ஐசும் ஏற்றி டவுனுக்கும் சில நாள் ஹபரணைக்கும் ஓடுகிற வண்டி. இப்போது ரிங் தேய்ந்து நீலப் புகை தள்ளுகிறது, பாரத்தோடு ஒரு சின்ன ஏற்றம் வந்தாலே இரண்டாம் கியரில் அழுகிறது. ஆனால் சேசிஸில் துரு இல்லை. கடலோரத்தில் ஓடிய வண்டிக்கு அது பெரிய விஷயம், அதனால்தான் விற்க மனம் வரவில்லை. 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதியை இந்த வருடம் பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள், சரி, வரியோடு சேர்த்துச் சொல்கிற விலையைக் கேட்டால் பழைய கெப்பின் மேல் பாசம் கூடத்தான் செய்யும்.

பெற்றோல் எஞ்சினின் சிலிண்டரையே போர் அடித்து, அதாவது கடைந்து பெரிதாக்கி, புது பிஸ்டன் போடலாம், செலவும் குறைவு. ஆனால் எனக்கு வேண்டியது வேகம் இல்லை, குறைந்த சுற்றில் இழுவை. அது டீசலில்தான் கிடைக்கும்.

2025 ஜூன் 12, வியாழன்

ஹஜ்ஜுப் பெருநாளும் பொசனும் அடுத்தடுத்து வந்ததால் எல்லாம் மூடிக் கிடந்தது. இன்றைக்குத்தான் எஞ்சின் வேலை பார்க்கிற கிண்ணியா நானாவைக் கூட்டிக்கொண்டு, பழைய வாகனச் சாமான் விற்கிற கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போக முடிந்தது.

மனதில் இரண்டு எஞ்சின் இருந்தது. ஒன்று நிசானின் டிடி27, 2663 சிசி, டைமிங் பெல்ட்டே கிடையாது, எல்லாம் பல்சக்கரம், எளிதில் சாகாது. மற்றது டொயோட்டா 3எல் (3L), 2779 சிசி, நம் ஊரில் டொல்பின் வான் என்று சொல்கிற ஹையேஸில் வந்தது. டிடி27 மேல் எனக்கு ஆசைதான், ஆனால் டொயோட்டா சட்டத்தில் நிசானை இருத்தினால் கியர்பொக்ஸ், கிளச், வயர் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை. 3எல் என்றால் அதே குடும்பத்தின் 2எல் (2L) டீசல் ஹைலக்ஸ் சாமான்கள் அப்படியே பொருந்தும். நானா அதிகம் பேசவில்லை. "சாமான் கிடைக்கிறதப் பாத்து வாங்குங்க தம்பி. நாளைக்கு ரோட்டில நிண்டா ஆரு வருவா?"

சரி, 3எல்.

கடைக்காரர் தரையிலேயே வைத்து, ஒரு பற்றறி, ஒரு கேனில் டீசல் என்று ஸ்டார்ட் செய்து காட்டினார். அது பெரிதாக ஒன்றும் சொல்லாது, எந்த எஞ்சினும் ஐந்து நிமிடம் நல்ல பிள்ளையாக நிற்கும். நானா முதலில் கேட்டதே "ஏற்கெனவே சூடாக்கி வச்சிருக்கா?" என்றுதான். தொட்டுப் பார்த்து, ஆற விட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஒயில் மூடியைத் திறந்து எவ்வளவு காற்று தள்ளுகிறது என்று பார்த்தார். தண்ணீர் வாயைத் திறந்து வைத்து குமிழி வருகிறதா என்று நெடுநேரம் பார்த்தார், ஏனென்றால் எல் வகை எஞ்சின்களுக்கு ஒரு முறை நன்றாகச் சூடேறிவிட்டால் ஹெட்டில், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியில், வெடிப்பு விழுகிற பழக்கம் உண்டு. குமிழி இல்லை. வாங்கினோம், இறக்குமதிக் கடிதமும் பில்லும் கையோடு. அந்தத் தாள்கள் இல்லாமல் எஞ்சின் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

2025 ஜூன் 15, ஞாயிறு

2வை வெளியே வந்துவிட்டது. ஜிஐ பைப்பில் மூன்று கால் கட்டி செயின் புளொக் தொங்கவிட்டு, மத்தியானத்துக்கு முன்பே முடிந்தது. இது சொல்ல ஒன்றுமில்லாத வேலை. வெறும் எஞ்சின் கூட்டைக் கழுவி, சட்டத்தை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு தடுக்கிற பெயின்ட் அடித்தோம். கச்சான் காற்று, அடித்த பெயின்டெல்லாம் புழுதி.

2025 ஜூன் 21, சனி

எஞ்சின் மலிவு, அதைச் சுற்றி வருவதுதான் விலை என்று இன்றைக்கு விளங்கியது.

ஹையேஸ் வானில் எஞ்சின் சீற்றுக்கு அடியில் இருக்கும். அதனால் சம்பின், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கிற தொட்டியின், வடிவமே வேறு. இங்கே இறக்கிப் பார்த்தால் ஆழமான பகுதி குறுக்குச் சட்டத்தில் முட்டுகிறது. டீசல் ஹைலக்ஸின் சம்ப் வேண்டும், அதோடு உள்ளே ஒயில் உறிஞ்சும் குழாயும் அதற்குரியதுதான் வேண்டும். சம்பை மட்டும் மாற்றிக் குழாயை விட்டால் ஒயில் ஒரு பக்கம், வாய் இன்னொரு பக்கம். கியர்பொக்ஸும் அப்படித்தான். வானின் கியர் கம்பி தூரத்திலிருந்து இழுக்கிற மாதிரி, கெப்பில் கியர் லீவர் நேரே பெட்டிக்குள் இறங்க வேண்டும். தம்புள்ளையில் ஒரு பழைய 2எல் டீசல் ஹைலக்ஸ் உடைத்தார்கள் என்று கேள்விப்பட்டு சம்ப், குழாய், கியர்பொக்ஸ், றேடியேற்றர் எல்லாம் அங்கேயிருந்து எடுத்தேன். 2எல்லுக்கும் 3எல்லுக்கும் எஞ்சினின் பின்முகம் ஒன்றே, கியர்பொக்ஸ் நேராக உட்கார்ந்தது.

எஞ்சினைச் சட்டத்தில் தாங்குகிற மவுண்ட் கையால் செய்தோம். நானாவின் முறை இது: முதலில் கியர்பொக்ஸின் பின் மவுண்டைப் பூட்டி, முன்னால் எஞ்சினை செயினில் தொங்கவிட்டு, அளவு பார்ப்பது. ஃபான் றேடியேற்றரில் படக்கூடாது, சம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே கை போக வேண்டும், ஸ்டியரிங் கம்பி முழுக்கத் திரும்பினாலும் எதிலும் உரசக்கூடாது. எஞ்சின் பின்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, கியர்பொக்ஸின் வெளிமுனையும் டிஃப்பின் (பின் அச்சில் உள்ள பல்சக்கரப் பெட்டி) மூக்கும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உடம்பையே ஆட்டும். எல்லாம் சரி என்றானதும் மவுண்டைப் புள்ளி புள்ளியாக வெல்டிங் பிடித்து, எஞ்சினைத் திரும்ப வெளியே எடுத்துவிட்டு முழு வெல்டிங். எஞ்சினை உள்ளே வைத்துக்கொண்டே ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. மேல்பக்கம் அழகாக இருக்கும், அடிப்பக்கம் அரைகுறை.

2025 ஜூன் 28, சனி

டவுன் லேத்தில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம் மாற்றக் கொடுத்தது இன்னும் வரவில்லை. எஞ்சின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வோட்டர் பம்ப், பின் ஒயில் சீல் மாற்றினோம். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அதற்கு அப்புறம் எஞ்சின் பழைய இரும்புக்குத்தான். பழைய பெல்ட் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று யாருக்குத் தெரியும்?

2025 ஜூலை 5, சனி

இன்றைய நாள் முழுக்க பிரேக்கு.

எஞ்சின் மாற்றுகிற பேச்சில் யாரும் முதலில் இதைச் சொல்வதில்லை. பெற்றோல் எஞ்சினில் காற்று போகிற வழியைக் காபரேற்றரின் தட்டு மறைத்து மறைத்துத் திறப்பதால் அதன் பின்னால் வெற்றிடம் உண்டாகும், பிரேக் மிதியை இலகுவாக்குகிற பூஸ்டர் அதில்தான் வேலை செய்கிறது. டீசலுக்குக் காற்று தடையில்லாமல் போகும், டீசலின் அளவை மாற்றித்தான் வேகம் கூடுவதும் குறைவதும். ஆகவே பூஸ்டருக்குப் போதிய வெற்றிடம் அங்கே கிடைக்காது. பழைய குழாயை அப்படியே மனிஃபோல்டில் சொருகிவிட்டால் பிரேக் மிதி அம்மிக்கல்லை மிதிப்பது போல இருக்கும். டொயோட்டா இதற்காக, பற்றறியைச் சார்ஜ் செய்கிற ஒல்டனேற்றரின் முதுகிலேயே ஒரு வக்கியூம் பம்ப் வைத்திருக்கிறது. அதற்கு எஞ்சின் ஒயில் போக ஒரு குழாய், சம்புக்குத் திரும்ப இன்னொரு குழாய். எங்கள் எஞ்சினோடு வந்த திரும்பும் குழாய் வெடித்து, யாரோ கம்பி சுற்றி வைத்திருந்தார்கள். ஒயில் தாங்கும் புதுக் குழாய் போட்டு, பூஸ்டர் குழாயில் ஒரு வழி வால்வின் திசை பார்த்துப் பூட்டினோம்.

வெறும் வான் எஞ்சின் வாங்குகிறவர்கள் ஒல்டனேற்றரும் இதே எஞ்சினுடையதா என்று பார்த்து வாங்க வேண்டும். விற்கிற இடத்தில் அதைக் கழற்றித் தனியாக விற்றுவிடுவார்கள்.

2025 ஜூலை 12, சனி

டேங்க், குழாய், வயர்.

டேங்கை இறக்கி டீசல் ஊற்றிக் குலுக்கிக் கழுவினோம். பெற்றோல் கலந்தால் டீசல் பம்ப் காய்ந்து தேயும், அந்தப் பம்புக்கு எண்ணெய்ப் பசை வருவதே டீசலில் இருந்துதான். திரும்பி வரும் பாதை பெரிதாக இருக்க வேண்டும், பம்ப் எடுப்பதில் கணிசமான பங்கு டேங்குக்கே திரும்பும். பழைய ஒடுங்கிய குழாயை எடுத்துவிட்டு வேறு போட்டோம். வழியில் தண்ணீர் பிரிக்கிற கிண்ணம் ஒன்று, மழைக்காலத்தில் இங்கே அது இல்லாமல் முடியாது.

வயர் வேலை நினைத்ததைவிடக் குறைவு. இக்னிஷன் கொயில் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. சாவி போட்டதும் டீசல் பம்பின் தலையில் உள்ள சொலினொய்டுக்கு 12 வோல்ட் போக வேண்டும், சாவி எடுத்தால் அது மூடி எஞ்சின் நிற்கும். அப்புறம், ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டரைச் சூடாக்குகிற ஹீற்றர் பிளக். இதில் குறைந்த வோல்ட் வகையும் உண்டு, நேராக 12 வோல்ட் தாங்குகிற வகையும் உண்டு. முதலாவதை டைமர் இல்லாமல் பற்றறியோடு இணைத்தால் முனை எரிந்து, சில வேளை சிலிண்டருக்குள்ளேயே விழும். நாங்கள் நான்கும் 12 வோல்ட் வகையாகப் போட்டு, ஒரு தடித்த ரிலேயும் டாஷில் ஒரு பொத்தானும் வைத்தோம். நாகரிகம் இல்லாத வேலைதான், ஆனால் பழுதானால் ரோட்டோரத்தில் நானே பார்த்துக்கொள்வேன்.

பற்றறியும் பெரிதாக்க வேண்டும், 22க்கு 1 என்ற அமுக்கத்தைச் சின்னப் பற்றறி சுற்றாது. வெப்ப மீற்றருக்குச் செய்தி அனுப்புகிற சென்டரை (sender) பழைய எஞ்சினில் இருந்து எடுத்துப் போட்டோம், மீற்றரும் சென்டரும் ஜோடியாக இருந்தால்தான் முள் உண்மை பேசும்.

2025 ஜூலை 19, சனி

ஓடுது!

ஃபில்டரின் மேல் உள்ள கைப்பம்பை இறுகும்வரை அமுக்கி, சிலிண்டருக்குள் டீசல் பீச்சுகிற நொசில்களின் பைப் நட்டுகளைத் தளர்த்தி, டீசல் பீச்சும்வரை ஸ்டார்ட்டர் அடித்து, மறுபடி இறுக்கி. நானா காற்று போகும் வாயருகே ஒரு பலகையோடு நின்றார். டீசல் எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் ஏறினால் சாவி எடுத்துப் பயனில்லை, காற்றை அடைப்பதுதான் வழி. பலகைக்கு வேலை வரவில்லை. வெள்ளைப் புகை, ஒரு நடுக்கம், அப்புறம் அந்தக் கடகடச் சத்தம் சீரானது. கராஜ் பொடியன் ஓடிப்போய் எல்லோருக்கும் பிளேன் டீ வாங்கி வந்தான்.

2025 ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. டவுனில் கோணேசர் கோயிலுக்குப் போகிற கூட்டம், அந்தப் பக்கமே போகவில்லை. கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி சீனக்குடா வரை போய்த் திரும்பினேன். 2009 இல் திறந்த 396 மீற்றர் பாலம், நீட்டாக ஒரே சீராக இருப்பதால் அதிர்வு பார்க்க நல்ல இடம். ஷாஃப்ட் ஆடவில்லை. மூக்கு மட்டும் தாழ்ந்து நிற்கிறது, இரும்பு எஞ்சின் கனம். முன்னால் ஸ்பிரிங்குக்குப் பதிலாக உள்ள டோர்ஷன் பாரின் போல்டை இரண்டு பக்கமும் சமமாகத் திருகி உயர்த்தினோம், சக்கரக் கோணம் திரும்பப் பார்க்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் 2, சனி

முதல் முழுப் பாரம், ஹபரணை.

முதலாம் கியர் இப்போது தேவையே இல்லை, இரண்டாவதில் கிளம்பிவிடுகிறது. கந்தளாய் தாண்டி முன்பெல்லாம் மூன்றுக்கு இறக்குகிற இடங்களில் நான்கிலேயே ஏறியது. வெப்ப முள் நடுவுக்குக் கீழே, கச்சான் வெயிலிலும். ஆனால் சமதரையில் 80ஐத் தாண்டினால் சத்தம் காதைப் பிடுங்குகிறது. டிஃப் பெற்றோல் எஞ்சினுக்குரியது, அது ஓடுகிற சுற்றில் டீசல் ஓடாது. உயரமான பல் விகிதம் உள்ள டிஃப் தேடலாம். பாரத்துக்கு இதுவே நல்லது என்கிறார் நானா, மனைவி பணம் எங்கே என்கிறாள். இப்போதைக்கு 70.

திரும்பும்போது இருட்டிவிட்டது. ஹபரணைக் காட்டுக்குள் யானை ஒன்று ரோட்டின் நடுவில். எஞ்சினை நிறுத்தாமல் தூரத்திலேயே நின்று காத்திருந்தேன், அது தன்பாட்டில் இறங்கிப் போனது.

சும்மா வீட்டுப் பாவனைக்கு கெப் வைத்திருக்கிறவர்கள் இதைச் செய்யாதீர்கள். இந்தக் காசுக்கு பெற்றோல் எஞ்சினை நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். தினம் பாரம் ஏற்றுகிறவருக்கு மட்டும் கணக்குச் சரிவரும்.

2025 ஆகஸ்ட் 13, புதன்

தாள் வேலை. வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் மாற வேண்டும். இறக்குமதிக் கடிதம், பில், இலக்கம் பொறித்த இடத்தின் படம் எல்லாம் ஒரு கோப்பில். எரிபொருள் வகையைச் சும்மா விட்டவர்கள் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பட்ட பாடு தெரியும். கியூஆர் பங்கீடு புத்தகத்தைப் பார்த்துத்தான் வந்தது, டீசல் ஓடுகிற வண்டிக்குப் பெற்றோல் பங்கு வைத்து என்ன செய்வது. காப்புறுதிக்காரருக்கும் எழுதியாச்சு.

வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை இனி டீசல் முறையில். எஞ்சினை உச்சச் சுற்றுக்கு ஏற்றி ஏற்றிப் புகையின் அடர்த்தி அளப்பார்கள், புது பெல்ட் போட்டது நல்லதாய்ப் போயிற்று. அதற்கு முன் நொசில்களைச் சோதித்து, எயார் ஃபில்டரும் மாற்றிவிட வேண்டும்.

பழைய 2வையை வாங்க ஒருவர் மூதூரிலிருந்து வந்தார். ஹெட்டும் காபரேற்றரும் மட்டும் போதுமாம். முழுதாக எடுத்தால் எடுங்கள், இல்லாவிட்டால் கிடக்கட்டும் என்றேன். விலை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.