பீடியாட்ரிக் போஸ்டிங்கும் 120 ஸ்பூன் ஓஆர்எஸ்ஸும்

பிஎஸ்சி நர்சிங் மூணாவது வருஷம் பீடியாட்ரிக்ஸ் போஸ்டிங் (குழந்தைங்க வார்டுல பயிற்சி) போகப்போற தங்கச்சிங்க சில பேர் எப்படிக்கா முடிச்சீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு மொத்தமா எழுதிடறேன்.

நான் போனது ஒரு ஜிஎச் குழந்தைங்க வார்டு, நல்ல மழைக்காலம். நிமோனியா, வயித்துப்போக்கு, தட்டம்மை, காய்ச்சல்ல வர்ற வலிப்பு எல்லாத்தையும் டெஃபனிஷன்ல இருந்து மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போனேன். முதல் வாரமே ஒரு 8 மாசத் தம்பி, சளி இருமல். ரெஸ்பிரேஷன் பார்க்கச் சொன்னாங்க, 15 செகண்ட் எண்ணுனேன், 11, நாலால பெருக்கி 44னு சார்ட்ல எழுதிட்டேன். அந்த வயசுக்கு நிமிஷத்துக்கு 50ஓ அதுக்கு மேலயோ போனாத்தானே வேகமான மூச்சு, அதனால நார்மல்னு நினைச்சுட்டேன். வார்டு சிஸ்டர் சார்ட்டைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல, வாம்மான்னு கூட்டிட்டுப் போய் அந்தம்மா மடியில தம்பி தூங்குறப்ப சட்டையைத் தூக்கி விட்டு, வாட்சைக் கையில கொடுத்து முழுசா ஒரு நிமிஷம் எண்ணச் சொன்னாங்க. 53. குழந்தைங்க மூச்சு ஒரே சீரா போகாது, கொஞ்ச நேரம் மெதுவா போகும், திடீர்னு வேகமாகும், அதான் 60 செகண்டும் எண்ணணும், அழுகுறப்ப எண்ணவே கூடாது. எனக்கு அன்னைக்கு கை நடுங்கிடுச்சு, ஏன்னா நான் எழுதுன 44ஐ வேற யாராச்சும் நம்பியிருந்தா அந்தத் தம்பிய சாதாரண சளின்னு விட்டிருப்பாங்க. நம்பர் ஞாபகம் வெச்சுக்கோங்க, 2 மாசத்துக்குக் கீழ 60, 2 மாசத்துல இருந்து 1 வயசு வரை 50, அதுக்கு மேல 5 வயசு வரை 40.

ரெண்டாவது வாரம்தான் எனக்கு நிஜமான பாடம். 14 மாசப் பாப்பா, 8 கிலோ, ரெண்டு நாளா வயித்தால போகுது. கண்ணு உள்ள போயிருந்துச்சு, வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மெதுவா படியுது, ஆனா தண்ணி டம்ளரைப் பார்த்தா எட்டிப் புடிக்குது. பாட்டி "பல்லு முளைக்குதும்மா, அப்படித்தான் போகும்"னாங்க. பல்லு முளைக்குற வயசுலதான் பிள்ளைங்க தவழ்ந்து கைக்குக் கிடைச்சதெல்லாம் வாயில வைக்கும், கிருமி போறது அதுல, பல்லால இல்ல. ஆனா அதை விட எனக்கு பகீர்னு இருந்தது, வீட்ல ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பிரிச்சு டம்ளருக்கு ஒரு சிட்டிகைன்னு போட்டுக் கொடுத்திருக்காங்க. ஒரு பாக்கெட் 20.5 கிராம், மொத்தத்தையும் ஒரு லிட்டர் தண்ணியில கரைக்கணும், அளவு மாறுனா சரியா வேலை செய்யாது, 24 மணி நேரத்துக்கு மேல வெச்சுக்கக் கூடாது.

பிளான் பி போட்டாங்க, அதாவது உடம்புல ஓரளவு தண்ணி வத்துன குழந்தைக்கு ஆஸ்பத்திரியிலயே வெச்சு வாய் வழியா ஓஆர்எஸ் கொடுக்குறது. கிலோவுக்கு 75 எம்எல், அப்போ 600 எம்எல், 4 மணி நேரத்துல. 5 எம்எல் ஸ்பூனுக்குக் கணக்கு போட்டா 120 ஸ்பூன், ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு! புக்ல ஒரே வரியில முடிஞ்சுடும், ஆனா பாப்பாவோட அம்மா, அந்த அக்கா கூட உக்காந்து நானும் மாத்தி மாத்திக் கொடுத்தப்பதான் 4 மணி நேரம்னா என்னன்னு தெரிஞ்சுது. நடுவுல ஒரு தடவை அப்படியே வாந்தி எடுத்துருச்சு, அக்கா அழுதுட்டாங்க, சிஸ்டர் 10 நிமிஷம் விட்டுட்டு இன்னும் மெதுவா ஆரம்பிங்கன்னாங்க. மூணு மணி நேரம் தாண்டி பாப்பா அந்த அக்கா சேலை நனைய ஒண்ணுக்குப் போச்சு. ஈரச் சேலையோட அந்த அக்கா சிரிச்சாங்க பாருங்க. வீட்டுக்கு அனுப்புறப்ப ஜிங்க் மாத்திரை 20 மில்லிகிராம் 14 நாளைக்குக் கொடுத்தாங்க, போக்கு நின்னாலும் நிறுத்தக் கூடாதுன்னு மூணு தடவை சொல்லி விட்டேன், பாட்டிக்கும் தனியா சொன்னேன்.

பிராக்டிகல் எக்ஸாம்ல எனக்கு விழுந்தது நெஃப்ராடிக் சிண்ட்ரோம் (கிட்னி வழியா யூரின்ல புரதம் கசிஞ்சு உடம்பு வீங்குற நோய்), 4 வயசுப் பையன், நான் சரியா படிக்காத கேஸ். பயந்துட்டேன், ஆனா அம்மாகிட்ட உக்காந்து எப்போ இருந்து எப்படின்னு கேட்டேன். "காலைல எந்திரிச்சா கண்ணைத் தொறக்க முடியாம வீங்கிக் கெடக்கும், சாயங்காலம் வத்திரும்"னு அவங்களே பாதி கேஸ் ஷீட்டைச் சொல்லிட்டாங்க. யூரின் டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க, டெஸ்ட் ட்யூபோட மேல் பாகத்தை மட்டும் சூடு காட்டினேன், பால் மாதிரி கலங்குச்சு, அசிடிக் ஆசிட் சொட்டு விட்டும் தெளியல, ஆல்புமின்தான், அதாவது அந்தப் புரதம். தெளிஞ்சிருந்தா பாஸ்பேட். இதைச் சொன்னதும் வெளியில இருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் மேடம் தலையாட்டினாங்க.

வைவால (வாய்மொழித் தேர்வுல) ஓஆர்எஸ்ல எதுக்கு சர்க்கரை, டேஸ்ட்டுக்கான்னு கேட்டாங்க. குளுக்கோஸ் குடல்ல இருந்து உடம்புக்குள்ள போறப்ப சோடியத்தையும் கையோட இழுத்துட்டுப் போகும், அது பின்னாடியே தண்ணி போகும், வயித்துப்போக்குலயும் இந்த வழி கெடாதுன்னு சொன்னேன். 1971ல பங்களாதேஷ் போர் நேரத்துல மேற்கு வங்காளத்துல பன்கான் அகதி முகாம்ல நரம்புல ஏத்துற சலைன் தீர்ந்துபோய் டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலை டிரம்ல வெச்சு கூட இருந்த சொந்தக்காரங்களையே கொடுக்க வெச்சாரு, 30 சதவீதமா இருந்த காலரா சாவு 4 சதவீதத்துக்கும் கீழ வந்துச்சுன்னும் சொன்னேன். அதைச் சொல்றப்ப எனக்கு அந்த ஈரச் சேலை அக்காதான் கண்ணுக்குள்ள நின்னாங்க.

பாஸ் ஆயிட்டேன். போறவங்க செகண்ட் முள்ளு இருக்குற வாட்ச் ஒண்ணு கட்டாயம் வாங்கிக்கோங்க. லாக் புக்ல (செஞ்ச வேலைகளைப் பதிவு பண்ற நோட்டு) சைன் கடைசி வாரத்துக்குன்னு சேர்த்து வைக்காதீங்க, அன்னன்னைக்கே வாங்கிடுங்க.