அவார் வில்: மூன்றாவது முறையும் பட்டை பெயர்ந்தது

அவார் என்ற பழங்கால நாடோடிக் கூட்டத்தாரின் வில்லைப் பழைய முறையிலேயே செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு 'டக்' என்று ஒரு சத்தம். பல்லி எதையோ தள்ளிவிட்டது என்று நினைத்து எழுந்து போனேன். வில்லின் மேல்முனையில் ஒட்டிய எலும்புப் பட்டை தரையில் கிடந்தது. மூன்றாவது முறை.

அரால்டைட் மாதிரி ரசாயனப் பசை தேய்த்தால் ஒரே நாளில் முடியும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். முடியும்தான். ஆனால் இந்த வில்லில் அவார்களுடையது என்று கைநீட்டிக் காட்ட இருப்பதே அந்தப் பட்டை ஒன்றுதானே! 568 வாக்கில் கார்பாத்தியச் சமவெளியில் குடியேறி, 626இல் கான்ஸ்டாண்டிநோபிளை முற்றுகையிட்டு, 790களில் பிராங்கிய மன்னன் சார்லமேனின் படைகளிடம் உடைந்து, அப்புறம் பெயர்கூட மிஞ்சாமல் கரைந்த கூட்டம் அது. ஹங்கேரியில் கல்லறை கல்லறையாகத் தோண்டியும் முழு வில் ஒன்று கிடைக்கவில்லை. மரமும் கொம்பும் நரம்பும் மக்கிவிட்டன. முனைகளிலும் பிடியிலும் ஒட்டியிருந்த பட்டைகள் மட்டும் கிடக்கின்றன. அவை கிடக்கும் இடைவெளியை வைத்துத்தான் வில்லின் நீளத்தையே கணிக்கிறார்கள். இதே வகைப் பட்டைகள் பல நூற்றாண்டு முந்தைய சியோங்னு என்ற நாடோடிகளின் கல்லறைகளில், மங்கோலியாவிலும் வருகின்றன. வில்லின் பூர்விகம் தேடிப் போகிறவனுக்குத் தடம் அதுதான்.

அசல் பட்டை பெரும்பாலும் மான்கொம்பு. இங்கே அதை வாங்கவோ விற்கவோ 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டம் விடாது. அதனால் கறிக்கடை மாட்டுக்கால் எலும்பு. நேரான பகுதி ஒரு சாணுக்கு மேல் தேறாததால் சாய்வாக அறுத்து இரண்டு துண்டாக இணைத்தேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது, கயிறு சுற்றி மறைத்துக்கொள்ளலாம்.

பெயர்ந்த பட்டையைத் திருப்பிப் பார்த்தால் வச்சிரம் (சூடாக்கித் தடவும் தச்சர் பசை) முழுக்க மரத்தோடு நிற்கிறது; எலும்புப் பக்கம் துடைத்துவிட்ட மாதிரி வழவழவென்று இருக்கிறது. கொழுப்பு! வேகவைத்தால் போய்விடும் என்று நம்பியது என் முட்டாள்தனம். முதல் தடவை அதிகமாக வேகவைத்ததில் பட்டை சுண்ணாம்புக்கட்டி போல நொறுங்கியது. இப்போது பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலில் ஊறப்போட்டிருக்கிறேன். தினமும் தண்ணீர் மாற்றுகிறேன், மேலே இன்னும் எண்ணெய் மிதக்கிறது. வீட்டில் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை.

இன்னொன்றும் கோட்டை விட்டேன். பழைய பட்டைகளின் உட்பக்கம் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருக்கும். அலங்காரமில்லை, பசை பிடிக்கத்தான். நான் உப்புத்தாளால் அழகாக இழைத்து வைத்திருந்தேன்! இந்த முறை ரம்ப முனையால் கீறி, நீர்த்த வச்சிரம் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டு, எலும்பை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் சூடாக்கி ஒட்டப்போகிறேன். சில்லென்ற எலும்பில் பட்டதும் வச்சிரம் உறைந்துவிடுகிறது. நூல் சுற்றி இறுக்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

தச்சு சாமான் கடையில் போனமுறை வாங்கிய வச்சிரத்தில் பாதி தூசி. வேறு கடை பார்க்க வேண்டும்.

வில்லே நிற்காதபோது அம்புக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன், திட்டாதீர்கள். அவார் அம்புமுனை மூன்று இதழ் கொண்டது. கொல்லுப்பட்டறைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "இரண்டு இதழ்னா இன்னைக்கே தரேன், மூணுன்னா தை பிறக்கட்டும்" என்றார். தை என்றால் எனக்கும் சரி, ஈரம் குறைந்திருக்கும். வில்லின் மரத்தோடு ஒட்ட வைத்திருக்கும் எருமைக் கொம்பும் நரம்பும் அதுவரை பரணிலேயே கிடக்கட்டும்.